கரை உடைந்தால் போதாது

சங்ககிரி மலைக்கோட்டையில் ஏறும்போது வாசல்களை எண்ணிக்கொண்டே போவது என்று முடிவு செய்திருந்தேன். நான்கைந்து வாசலுக்கு மேல் கணக்கு குழம்பிவிட்டது. இடிந்து பாதி நிற்பதைச் சேர்ப்பதா விடுவதா என்று தெரியவில்லை, மூச்சும் வாங்கியது. கீழே சாலையில் லாரிகள் போகும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. ஒரு வாசலைக் கடந்து கொஞ்சம் ஏறினால் தலைக்கு மேல் இன்னொரு மதில் தெரிகிறது. அதைத் தாண்டினால் அடுத்தது. வெறுங்கையோடு, வெயிலுக்கு முந்திய காலை நேரத்தில், யாரும் கல்லை உருட்டிவிடாதபோதே இப்படி என்றால், ஏணியும் துப்பாக்கியும் சுமந்துகொண்டு ஏறியவன் கதி என்ன?

இந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் எதிரியை முதல் வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்று நம்பவில்லை. முதல் வாசல் விழும் என்று வைத்துக்கொண்டுதான் இரண்டாவதைக் கட்டியிருக்கிறார்கள். கீழே நூறு பேராக நுழைகிறவன் மேலே வரும்போது இருபது பேராக, களைத்து, பின்னால் வரவேண்டியவர்களோடு தொடர்பற்று நிற்பான். அந்த இருபது பேரைச் சமாளிக்க மேலே ஐம்பது பேர் இருந்தால் போதும். இன்றைய ராணுவங்கள் ‘ஆழமான தற்காப்பு’ என்று சொல்வது இதைத்தான். சங்ககிரியில் அது செங்குத்தாக நிற்கிறது. உக்ரைனின் வயல்வெளியில் அதுவே படுத்துக்கிடக்கிறது.

2023 கோடையில் அந்த வயல்வெளியைப் பற்றித்தான் சேலத்து டீக்கடைகளிலும் பேச்சு. “மேற்கு நாடுகள் இத்தனை டாங்கி கொடுத்தும் ரஷ்ய அரணை உக்ரைனால் ஏன் உடைக்க முடியவில்லை?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்கு டாங்கியை விட ஏரி வசதியாக இருந்தது.

சேர்வராயன் மலையில் நல்ல மழை பெய்தால் கன்னங்குறிச்சி புது ஏரி நிறையும், அங்கிருந்து மூக்கனேரிக்குத் தண்ணீர் போகும். ஏரிக்கரையில் உடைப்பு எப்படி ஏற்படுகிறது என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். முதலில் ஒரு கசிவு. கவனிக்காவிட்டால் விரல் நுழையும் ஓட்டை, பிறகு ஆள் நுழையும் பிளவு. அதற்குள் மணல் மூட்டையோடு ஆட்கள் வந்துவிட்டால் அடைத்துவிடலாம். வராவிட்டால் தண்ணீரே கரையின் இரு ஓரத்தையும் அரித்துப் பிளவை அகலமாக்கிக்கொண்டு போகும். ஆனால் வறண்ட ஏரியில் ஜேசிபி வைத்துக் கரையை வெட்டிவிட்டாலும் ஒன்றும் நடக்காது. அது வெறும் பள்ளம். போரில் அரணை உடைப்பதும் இப்படித்தான். ஓட்டை போடுவது முதல் வேலை. ஓட்டை வழியே பாய்வதற்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எதிரியின் மணல் மூட்டை எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்ற இரண்டும்தான் மீதியை முடிவு செய்கின்றன. அந்த மணல் மூட்டைக்குப் படைமொழியில் சேமப்படை என்று பெயர்: உடனே சண்டையில் ஈடுபடுத்தாமல், எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே ஓடுவதற்காகக் கையில் வைத்திருக்கும் படை.

அரணைக் கைப்பற்ற மூன்று வழிகளைக் குறள் சொல்கிறது. சுற்றி வளைத்து முற்றுகையிடலாம். முற்றாமல் நேராகப் பாய்ந்து தாக்கலாம். உள்ளே இருப்பவர்களை வஞ்சனையால் கீழறுக்கலாம். உழிஞையும் நொச்சியும் தனித்தனித் திணையாக இருந்த மொழி நம்முடையது. முற்றுகையிடுபவனுக்கு ஒரு பூ, காப்பவனுக்கு ஒரு பூ. நடுவில் பல நூற்றாண்டு இதையெல்லாம் மறந்திருந்தோம். ‘முன்னரங்கு’, ‘மண் அரண்’, ‘ஊடறுப்பு’ போன்ற சொற்களை ஈழத்துப் போர்ச் செய்திகள்தான் நம் காதுக்குத் திரும்பக் கொண்டுவந்தன. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது, அதாவது ஊடறுப்பு.

சேமப்படை இல்லாத அரண் எப்படி இருக்கும் என்று பார்க்க சேலத்தை விட நல்ல இடம் இல்லை. முதல் மைசூர்ப் போரின்போது, 1768-ல், கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையின் கர்னல் வுட், இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமான பாராமகாலின் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கினார். சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று வரிசையாகக் கைக்கு வந்தன. வரைபடத்தில் பார்த்தால் அருமையான கோடு. பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் சிறு காவல்படையை நிறுத்திக்கொண்டே போனார்கள். கோட்டைகள் பெருகப் பெருக அந்தப் படைகள் சிறுத்தன. பின்னால் ஓடி வந்து உதவ ஒரு பெரும் படை இந்தப் பக்கத்தில் இல்லை.

அந்த ஆண்டின் கடைசியில் ஹைதர் அலி மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கணவாய் வழியே இறங்கினார். சில வாரங்களில் கோடு முழுவதும் காணாமல் போயிற்று. தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு என்று வுட் ஏறக்குறைய எந்த வரிசையில் பிடித்தாரோ அப்படியே ஒவ்வொன்றாக விழுந்தன. கரூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவே சிறு படைப்பிரிவு ஒன்று வெட்டவெளியில் சிக்கி அழிந்தது. அதோடு நிற்கவில்லை. 1769 மார்ச்சில் ஹைதர் கும்பினியின் முக்கியப் படையை வேறு திசையில் இழுத்துவிட்டு, பெரும்பாலும் குதிரைப்படையை எடுத்துக்கொண்டு சென்னை வாசலுக்கே போய் நின்றார். ஏப்ரலில் உடன்படிக்கை. சென்னையின் மதிலில் ஒரு செங்கல் கூடப் பெயரவில்லை. வரிசையாகக் கோட்டை வைத்திருப்பதும் அரண் வைத்திருப்பதும் வேறு வேறு என்பது அந்த ஆண்டு கும்பினிக்குப் புரிந்திருக்க வேண்டும். முழுக்கப் புரிந்ததா என்பது சந்தேகம். 1790 நவம்பரில் பாராமகாலில் ஜெனரல் மெடோஸும் கர்னல் மேக்ஸ்வெல்லும் ஒன்றுசேர்ந்து திப்புவை வளைக்கும் நிலையில் இருந்தும், அவர் தொப்பூர் கணவாய் வழியாக நழுவித் தெற்கே திருச்சி நோக்கிப் போய்விட்டார்.

இன்று அதே தொப்பூரில் சரக்கு லாரிகள் பிரேக் பிடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொள்கின்றன. ஒரு லாரி குறுக்கே நின்றால் இரண்டு பக்கமும் மைல் கணக்கில் வண்டிகள் தேங்கும். பீரங்கி இழுக்கும் மாடுகளும் ஆயிரக்கணக்கான ஆட்களும் அந்த இடுக்கில் இறங்கியதை நினைத்துக்கொண்டால், கணவாயைக் காக்க ஏன் யாரும் உருப்படியாக ஆள் வைக்கவில்லை என்று இன்றைக்கும் கேட்கத் தோன்றுகிறது.

உடைப்பு தவறிப்போன கதைக்குக் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும். 1791 நவம்பர் 7-ம் தேதி இரவு, அதே மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டை மேல் பாய்ந்தார். பேட்டையும் கீழ்க்கோட்டையும் சட்டென்று விழுந்தன. காவலர்கள் மேற்கோட்டைக்கு ஓடினார்கள். தாக்கியவர்கள் அவர்கள் காலடியிலேயே துரத்திக்கொண்டு ஏறினார்கள். மேல் வாசல் சாத்தப்படுவதற்கு முன் உள்ளே நுழைந்திருந்தால் அன்றிரவே கதை முடிந்திருக்கும். கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஏறுவதற்கான ஏணிகள் பின்னால் தங்கிவிட்டன. ஏணி வந்து சேர்ந்தபோது மேலிருந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பாறைகளை உருட்டத் தொடங்கியிருந்தார்கள். மலையில் கல்லுக்கா பஞ்சம்? ஏணியும் ஆளும் சேர்ந்து நசுங்கின. சுமார் இரண்டு மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டு மேக்ஸ்வெல் இறங்கிவிட்டார். கிருஷ்ணகிரி அந்தப் போரில் விழவே இல்லை.

அந்த இரவில் ஏணிக்குக் காத்திருந்த நேரம்தான் எனக்கு இந்தப் பொருளின் மையமாகப் படுகிறது. வீரத்துக்கோ எண்ணிக்கைக்கோ குறை இருக்கவில்லை. முதல் அரணை உடைத்த வேகத்துக்கு இரண்டாவதற்கான கருவி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதே பிழை பெரிய அளவில் முதல் உலகப் போரில், 1917 நவம்பர் 20-ம் தேதி பிரான்சில் காம்பிரே அருகே நடந்தது. பிரிட்டன் 400-க்கும் மேற்பட்ட டாங்கிகளை ஒரே காலையில் இறக்கியது. அதுவரை மாதக்கணக்கில் முட்டினால்தான் சில மைல் நகர்ந்த போர்முனை, ஒரே பகலில் மைல் கணக்கில் உள்வாங்கியது. இங்கிலாந்தில் தேவாலய மணிகளை அடித்துக் கொண்டாடினார்கள். ஆனால் ஓட்டை வழியே பாய வேண்டிய வெள்ளம் எது? குதிரைப்படை. மானியேர் என்ற ஊரில் கால்வாய்ப் பாலத்தின் மேல் ஒரு டாங்கி ஏறியதும் பாலம் உடைந்து விழுந்தது. குதிரைப்படை அந்தப் பக்கம் பெரும்பாலும் போகவே இல்லை. சண்டையிட்ட டாங்கிகளில் ஏறக்குறைய பாதி முதல் நாளிலேயே பழுதாகியோ அடிபட்டோ நின்றுவிட்டன. பத்து நாள் கழித்து ஜெர்மனியின் மணல் மூட்டைகள் வந்தன. நவம்பர் 30-ல் தொடங்கிய எதிர்த்தாக்குதலில் பிடித்ததில் பெரும்பகுதி போயிற்று. மணி அடித்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

மறுபக்கம் 1940 மே 13. செடான் நகரருகே மியூஸ் ஆற்றை ஜெர்மானியர்கள் ரப்பர் படகுகளில் கடந்தார்கள். டாங்கிகள் இன்னும் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான். அன்று மாலை அந்த ஓட்டை எளிதில் அடைக்கக்கூடியதாகவே இருந்தது. பிரெஞ்சுத் தரப்பில் எதிர்த்தாக்குதலுக்கு உத்தரவும் போனது. ஆனால் அந்தப் படை இரவெல்லாம் நெரிசலான சாலையில் ஊர்ந்து, அடுத்த நாள் காலையில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஜெர்மானியப் பொறியாளர்கள் பாலம் கட்டி டாங்கிகளைக் கடத்தியிருந்தார்கள். சில மணி நேரத் தாமதம். ஆறு வாரத்தில் பிரான்ஸ் விழுந்தது. மின்னல் போர் என்று எதைச் சொன்னாலும், அடியில் இருப்பது ஏணி யாருக்கு முதலில் வந்தது என்ற கிருஷ்ணகிரிக் கேள்விதான்.

ஓட்டை போடும் வேலையைச் செய்கிறவர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். போர்க் கதைகளில் அவர்களுக்கு இடம் குறைவு. நம் பக்கத்துக் குடும்பங்களில் அதிகம். 1780-ல் சென்னையில் கும்பினி இரண்டு கம்பெனி ‘பயனியர்’களைத் திரட்டியது. மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய படை. பள்ளம் தோண்டுவது, ஏணி சுமப்பது, மதிலடியில் சுரங்கம் வைப்பது அவர்கள் வேலை. அந்த வழியில் வந்ததுதான் இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ். படைக்குள் இவர்களுக்குப் பட்டப்பெயரே ‘தம்பி’. பெங்களூரில் எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் சாப்பர்ஸின் அதிகாரப்பூர்வப் பெயரான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் சுருக்கம்) இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னால் சேலம், தர்மபுரி, வேலூர்ப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

1912-ல் பெங்களூரில் இந்தப் படைப்பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக் ஒரு கருவியை வடிவமைத்தார். வெடிமருந்து அடைத்த குழாய்கள். ஒன்றோடொன்று பொருத்தி நீட்டிக்கொண்டே போகலாம். பதுங்கியபடியே அதை முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி, தூரத்தில் இருந்து வெடித்தால், வேலியில் ஆள் நுழையும் வழி கிடைக்கும். ‘பெங்களூர் டார்பிடோ’ என்று இன்றும் உலகம் முழுக்க அதற்கு ஊர்ப் பெயரே. இரண்டு உலகப் போரிலும், 1944-ல் நார்மண்டிக் கடற்கரையிலும் அது வேலை செய்தது. பெங்களூர் என்றால் மென்பொருள் மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முள்வேலி என்றதும் ஸ்ரீரங்கப்பட்டணம் நினைவுக்கு வருகிறது. 1792-ல் திப்புவின் தலைநகரைச் சுற்றி முதல் அரணாக இருந்தது மதில் அன்று. கள்ளியும் மூங்கிலும் முட்செடியுமாக நெருக்கி வளர்த்த அகலமான உயிர்வேலி. அதற்குள் பீரங்கி மேடைகள். பிப்ரவரி 6-ம் தேதி இரவு கும்பினியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் மூன்று அணியாக, பீரங்கி இல்லாமல், நிலா வெளிச்சத்தில் அதன்மேல் பாய்ந்தார். பீரங்கியை விட்டுவிட்டுப் போனது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். பீரங்கி போனால் மெதுவாகத்தான் போக வேண்டும், சத்தமும் கேட்கும், சேமப்படைக்கு நேரம் கிடைக்கும். அவர் பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கினார். உள்ளே போனபின் பெருங்குழப்பம். மெடோஸின் அணி வழி தவறி வேறோர் அரணில் போய் மாட்டிக்கொண்டது. கார்ன்வாலிஸே ஒரு கட்டத்தில் சிறு படையோடு தனித்து நின்றார். ஆனால் நடு அணியின் ஒரு பகுதி, ஓடுகிறவர்களோடு கலந்து காவிரியைக் கடந்து தலைநகர் இருந்த ஆற்றுத் தீவுக்குள் நுழைந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் சாத்தப்பட்ட கதவு இங்கே சாத்தப்படவில்லை.

அடுத்த மாதம் கையெழுத்தான உடன்படிக்கையில் திப்பு ஆட்சிப்பகுதியில் பாதியை இழந்தார். கும்பினி பெற்ற பங்கில் பாராமகாலும் சேலமும் இருந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளக்க இங்கே வந்தது அதன் பிறகுதான். சேலம் கைமாறியது சேலத்தில் நடந்த போரால் அல்ல. காவிரியின் மேற்பகுதியில் ஒரு முள்வேலியில் விழுந்த ஓட்டையால்.

இன்றைய முள்வேலி கண்ணிவெடி வயல். இதில் ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு: கண்ணிவெடி எதிரியைக் கொல்வதற்காக என்று. கொல்லத்தான் செய்யும், ஆனால் முக்கிய நோக்கம் அதுவன்று. அது எதிரியை மெதுவாக்கி, காப்பவன் முன்பே குறி பார்த்து வைத்திருக்கும் இடத்தில் வரிசையாக நிறுத்துகிறது. யாரும் சுடாத கண்ணிவெடி வயலைப் பொறுமையாக அகற்றிவிடலாம். ஆகவே உடைக்கப் போகிறவன் முதலில் செய்ய வேண்டியது வெடியை எடுப்பது அல்ல. எதிர்ப்பக்கத் துப்பாக்கிகளின் வாயை அடைப்பது. பீரங்கியாலும் விமானத்தாலும் அவர்களைத் தலைதூக்க விடாமல் செய்து, நடுவில் புகைமூட்டம் எழுப்பி, அந்தப் புகைக்குள் சாப்பர்கள் குறுகலான ஒரு பாதையை வெட்ட, அதன் வழியே மற்றவர்கள் பாய வேண்டும். எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில். ஒன்று பிந்தினால் மற்றதெல்லாம் வீண். மூன்றுக்கு ஒன்று என்ற பலம் வேண்டும் என்ற பழைய கணக்கு உண்டு. அது மொத்தப் படைக்கான கணக்கல்ல, ஓட்டை போடும் அந்த ஓர் இடத்துக்கானது.

1971 டிசம்பரில் பாகிஸ்தானுடனான போரில், மேற்கு எல்லையின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றின் அக்கரையில் நம் காலாட்படை கால் ஊன்றிவிட்டது. பின்னால் டாங்கிகள் வர வேண்டும். நடுவில் பாகிஸ்தானின் கண்ணிவெடி வயல். மெட்ராஸ் சாப்பர்ஸின் 9-வது பொறியாளர் ரெஜிமென்ட் இரவில் பாதை வெட்டிக்கொண்டிருந்தது. வேலை முடியவில்லை. எதிர்ப்பக்கம் டாங்கிகள் நகரும் செய்தி வந்தது, அதாவது மணல் மூட்டை புறப்பட்டுவிட்டது. பெயரில் மட்டும் குதிரை மிஞ்சிய டாங்கிப் பிரிவான பூனா குதிரைப்படையின் டாங்கிகள் பாதை முழுமையாகும் வரை காத்திருக்காமல், அகற்றப்படாத வெடிகளின் ஊடாகவே அக்கரைக்குப் போய்விட்டன. 16-ம் தேதி எதிர்த்தாக்குதல் வந்தபோது அவை அங்கே இருந்தன. அந்தச் சண்டையில் இறந்த செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். இருட்டில் மண்டியிட்டு வெடிகளைத் தோண்டி எடுத்த தம்பிகளின் பெயர்களை அவரவர் ஊரில்தான் கேட்க வேண்டும்.

1973 அக்டோபரில் எகிப்து செய்தது இன்னொரு வகை. சூயஸ் கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த மாபெரும் மணல் மேட்டை வெடிவைத்துத் தகர்ப்பது பெரும்பாடு. எகிப்தியப் பொறியாளர்கள் கால்வாய் நீரையே சக்திவாய்ந்த பம்புகளால் பீய்ச்சி, சில மணி நேரத்தில் பல இடங்களில் அறுத்துவிட்டார்கள். ஏரிக்கரை உவமையை நான் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட வழியில்லை.

இனி டீக்கடைக் கேள்விக்கு வரலாம். 2023 ஜூனில் உக்ரைனின் படைகள் ஜாப்போரிஷியா பகுதியில் நகர்ந்தபோது அவர்கள் எதிரே இருந்தது சங்ககிரி: கண்ணிவெடி வயல், டாங்கித் தடுப்புப் பள்ளம், கான்கிரீட் முக்கோணங்கள், பதுங்குகுழி, அதன் பின்னால் இன்னொரு வரிசை, பிறகு மூன்றாவது. தோண்டுவதற்கு ரஷ்யாவுக்குப் பல மாதம் கிடைத்திருந்தது. வானத்தில் மேலாதிக்கம் உக்ரைனிடம் இல்லை. அதனால் எதிர்ப்பக்கத் துப்பாக்கியின் வாயை அடைக்கும் முதல் வேலையே அரைகுறையாயிற்று. வெட்டிய ஒற்றைப் பாதையில் மேற்கத்திய டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கிக்கொண்ட படங்களை எல்லோரும் பார்த்தோம். பிறகு டாங்கிகளைப் பின்னால் வைத்துவிட்டுச் சிறு குழுக்களாக நடந்தே முன்னேறினார்கள். ஆகஸ்ட் கடைசியில் ரோபோட்டினே என்ற கிராமத்தை அடைந்தார்கள். இலக்காக இருந்த டோக்மாக் நகரம் எட்டவில்லை. ஓட்டை விழுந்தது; ஆனால் வேகமில்லாததால் ஒவ்வொரு முறையும் மணல் மூட்டை முன்கூட்டியே வந்து காத்திருந்தது.

ட்ரோன்கள் இதை இன்னும் கடினமாக்கிவிட்டன. கார்ன்வாலிஸுக்கு ஓர் இரவு கிடைத்தது, செடானில் ஜெர்மானியர்களுக்கு ஒரு காடு கிடைத்தது. இப்போது பத்து வண்டிகள் ஓரிடத்தில் கூடினாலே மேலிருந்து ஒரு கண் பார்த்துவிடுகிறது. தண்ணீரைத் தேக்கவே முடியாவிட்டால் வெள்ளம் எங்கிருந்து வரும்? உடைப்பே இனி சாத்தியமில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். 1916-லும் அப்படித்தான் எழுதினார்கள் என்பதால் அதை நான் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். ட்ரோனின் கண்ணைக் கட்டும் வழி கிடைக்கும் வரை காப்பவன் கை ஓங்கியிருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கோட்டையிலிருந்து இறங்கும்போது வாசல்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன். இந்த முறையும் கணக்கு ஒத்துவரவில்லை. கும்பினியை எதிர்த்த தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31-ல் தூக்கிலிட்டது இந்தச் சங்ககிரியில்தான். அவரைப் பிடிக்க எந்த வாசலையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய சமையல்காரனே காட்டிக்கொடுத்தான் என்று கொங்குநாட்டில் சொல்வார்கள்.